சொன்னால் பலிக்காத வித்தை யாருக்கு வேண்டும்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. கம்ப்யூட்டர் கூட வேண்டாம். நாலு பேர், கொஞ்சம் பேப்பர், பென்சில், பல முகம் உள்ள பகடைகள் இருந்தால் போதும். இன்றைக்கு ஹாஸ்டல் ரூமில் ராத்திரி இரண்டு மணி வரை ஆடுகிற ஃபேன்டஸி கேம்களில் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள்தான்.

இந்த ஆட்டத்தில் வருகிற மந்திரவாதி மந்திரம் கற்றுக்கொள்கிற விதம் சுவாரஸ்யமானது. அவன் கையில் ஒரு நோட்டு இருக்கும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, ஆரம்பத்தில் அந்த நோட்டில் 6 மந்திரம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் இன்னும் 2 சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு மந்திரவாதியின் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம். ஆனால் சும்மா இல்லை. மந்திரத்தின் ஒவ்வொரு படிக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் செலவாகும். மூன்றாம் படி மந்திரம் என்றால் 6 மணி நேரம், 150 காசு. நோட்டில் இருந்து எழுதிக்கொண்டால் மூல நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. தனிச் சுருளில் இருந்து எழுதிக்கொண்டால் அந்தச் சுருள் அழிந்துவிடும். பழைய பதிப்புகளில் இன்னொரு கெடுபிடி உண்டு. காலையில் மனப்பாடம் செய்த மந்திரத்தை ஒரு தடவை பிரயோகித்தால் அது நினைவில் இருந்தே போய்விடும், மறுபடி படிக்க வேண்டும். இந்த யோசனை ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இருந்து எடுத்தது. 2011-ல் வந்த ஸ்கைரிம் கேமில் இன்னும் சுலபம். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கு, திற, மந்திரம் வந்துவிடும், புத்தகம் மறைந்துவிடும்.

காசு, நேரம், காகிதம், ஞாபக சக்தி என்று இத்தனை தடைகளை யோசித்து வைத்தவர்கள், ஒரே ஒரு தடையை மட்டும் வைக்கவில்லை. "உன் நோட்டை இன்னொருவனுக்குக் காட்டினால் உன் மந்திரத்தின் சக்தி போய்விடும்" என்ற விதி அந்த மந்திரவாதிக்குக் கிடையாது.

அந்த விதி நம்மிடம் இருக்கிறது!

மதுக்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வயசான ஆட்களைக் கேட்டால், தேள் கடிக்கு மந்திரிக்கிறவர், பாம்புக் கடிக்குப் பார்வை பார்க்கிறவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் என்று யாராவது ஒருவரைச் சொல்வார்கள். இந்த வித்தைகள் கைமாறுகிற முறை எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிரகணத்தன்று தண்ணீரில் நின்று உரு ஏற்ற வேண்டும். ஒரு குரு ஒரே ஒரு சீடனுக்குத்தான் சொல்லலாம். சொன்ன பிறகு குருவுக்குப் பலிக்காது. அதனாலேயே சாகிற நேரம் வரைக்கும் சொல்ல மாட்டார். மூலிகை என்றால் யார் கண்ணிலும் படாமல் பறிக்க வேண்டும், அரைத்து உருத்தெரியாமல் ஆக்கிய பிறகுதான் வெளியே கொண்டுவர வேண்டும்.

"ஏனுங் அமுச்சி, அதென்ன தழைங்?"

"சொன்னாப் பலிக்காது கண்ணு."

அத்தோடு பேச்சு முடிந்தது. சில வருஷத்தில் அமுச்சியும் போய்விடுகிறார். தழையும் போய்விடுகிறது. அந்தச் செடி என்னவோ வேலியோரத்தில் இன்னமும் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். இன்னதென்று தெரிந்த ஆள்தான் இல்லை.

"சொன்னால் பலிக்காது." இரண்டே வார்த்தை. படையெடுப்பு, வெள்ளைக்காரன், கரையான் என்று யார் யாரையோ குற்றம் சொல்கிறோம். நம் அறிவை நாமே கொல்ல இந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.

வாய்ப் பேச்சில் போனது போகட்டும், எழுதி வைத்தது இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடிகளை யுனெஸ்கோ 1997-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் எழுதி வைத்த முறையைப் பார்க்க வேண்டும்.

பனை ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரமா, நெடில் ஏகாரமா என்பதற்கும் எழுத்தில் வித்தியாசம் கிடையாது. கதையோ பாட்டோ என்றால் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். அர்த்தமே இல்லாத மந்திர எழுத்துகளையும், அதிகம் போனால் ஆளைக் கொல்கிற பாஷாண அளவுகளையும் எப்படி ஊகிப்பது? பக்கத்தில் இருந்து சொல்ல குரு வேண்டும். ஓலை என்றைக்குமே பாதிப் பாடம்தான்.

அது போதாதென்று பரிபாஷை வேறு. சித்தர் பாடல்களில் பொருளுக்கு உள்ள பேரைச் சொல்லாமல் வேறு பேர் சொல்லி மறைப்பது. முப்பு என்ற சரக்கு சித்த மருத்துவத்தின் உச்சம் என்கிறார்கள். அது என்ன? மூன்று உப்புகளின் கூட்டா, பூநீறா, அண்டக்கல்லா, அல்லது யோகத்தைச் சொல்லும் வெறும் குறிப்பா? இன்றைக்கு வரைக்கும் ஆளுக்கொரு பதில், ஆளுக்கொரு புத்தகம். ஒரு மருந்துக் குறிப்பை எழுதியும் வைத்து, அதை யாராலும் திருப்பிச் செய்ய முடியாதபடியும் பண்ணிவிட்டால், அதற்குப் பேர் பதிவா? டைரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த கதை.

பிறகு ஓலையின் ஆயுள். பூச்சி அரித்தால், ஓரம் ஒடிந்தால், புது ஓலையில் பார்த்து எழுத வேண்டும். எழுத ஆள் வேண்டும், காட்ட மனசு வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் ஏடு பூஜைப் பொருள் ஆனது, அப்புறம் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போனது. உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் வந்ததை அவரே எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் எரித்தார்கள். படிக்காமல் மரியாதை மட்டும் செய்தால் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

சரி, மறைப்பதற்குக் காரணமே இல்லையா? சொல்கிறார்கள், மூன்று காரணம். மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதல் காரணம்: தகுதி இல்லாதவன் கையில் கிடைத்தால் விபரீதம் ஆகும்.

நியாயமான கவலை. ஆனால் தகுதி பார்ப்பது வேறு, மறைப்பது வேறு. கேமில் கூட முதல் லெவல் ஆள் ஒன்பதாம் படி மந்திரத்தைப் போட முடியாது. ஆனால் அந்த மந்திரம் என்ன செய்யும், எந்த லெவலில் கிடைக்கும் என்பது விதிப்புத்தகத்தில் எல்லோரும் பார்க்கும்படி அச்சாகி இருக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று தரம் பிரித்தார். அந்தத் தரப்பட்டியல் ரகசியமா? பாயிரத்திலேயே வைத்துவிட்டார். மருத்துவக் கல்லூரியின் சர்ஜரி புத்தகத்தைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கிவிட்டால் கத்தி பிடிக்க விடுவார்களா? புத்தகம் எல்லோருக்கும், கத்தி தகுதி உள்ளவனுக்கு. இதுதான் முறை. நம்மிடமோ பல இடங்களில் தலைகீழ். புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, கத்தியை மூத்த மகன் என்ற ஒரே தகுதிக்காகக் கொடுத்தார்கள். எந்தச் சாதியில், எந்த வீட்டில் பிறந்தான் என்பதைத் தகுதி என்று சொல்லி, பெண்களையும் மற்றவர்களையும் வாசலோடு நிறுத்தியதும் இதே காரணத்தைச் சொல்லித்தான்.

இரண்டாவது காரணம்: வெளியே சொன்னால் சக்தி போய்விடும்.

இதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வைணவ குருபரம்பரைக் கதைப்படி, ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடையாய் நடந்து திருமந்திரத்தின் பொருளைக் கேட்டுக்கொண்டார். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. அவர் நேராகக் கோவிலில் ஏறி ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் பிழைத்தால் நல்லதுதானே என்று குருவிடமே கேட்டார். குரு கட்டிக்கொண்டார் என்பது கதை. அந்த மந்திரத்தின் சக்தி போய்விட்டதாக எந்த வைணவரும் சொல்வதில்லை.

இது பக்தி. உயிர் விஷயத்துக்கு வருவோம். பாம்புக்கடி மந்திரம் ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது? பெரும்பாலான பாம்புகளுக்கு ஆளைக் கொல்கிற விஷம் கிடையாது. நல்ல பாம்பும் விரியனும் கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிப்பதுண்டு. இப்படிக் கடிபட்டவர் எப்படியும் பிழைப்பார். பிழைத்த புண்ணியம் மந்திரத்தின் கணக்கில் ஏறும். உண்மையிலேயே விஷம் ஏறியவர் செத்துப்போனால்? விதி முடிந்தது. தீட்டுப் பட்டது. எவனோ மந்திரத்தை வெளியே சொல்லிவிட்டான். தோற்றால் சொல்வதற்குக் காரணம் தயாராக இருக்கிற வித்தை ஒருநாளும் தோற்காது. ரகசியத்தின் உண்மையான வேலை இதுதான், சோதித்துப் பார்க்க விடாமல் தடுப்பது. கேமில் மந்திரம் பலித்ததா இல்லையா என்று பகடை மேஜை மேல் உருளும், நாலு பேரும் பார்ப்பார்கள். விளையாட்டுக்கு இருக்கிற அந்த நேர்மை உயிரைக் காக்கிற வித்தைக்கு வேண்டாமா?

கணக்கு எழுதாததன் விலை என்ன என்பது 2020-ல் வெளியான ஒரு ஆய்வில் தெரிந்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று அது மதிப்பிட்டது. ஆஸ்பத்திரிக்கே வராமல் செத்தவர்களை அரசாங்கக் கணக்கு பார்க்கவில்லை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் பாம்பை வைத்தே இருக்கிறது. இருளர்களுக்குப் பாம்பைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 1978-ல் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். தடம் பார்த்துப் பாம்பு கண்டுபிடிக்கிற வித்தை வெளியே தெரிந்ததால் இருளர்களுக்கு அது மறந்துபோகவில்லை. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரைக்கும் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒளித்து வைத்த மந்திரம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எவராலும் காட்ட முடியாது. வெளியே வந்த வித்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் பாட்டிலில் இருக்கிறது.

மூன்றாவது காரணம்: சொன்னால் கம்பெனிக்காரன் திருடிவிடுவான்.

மூன்றில் பலமான வாதம் இதுதான். ஈரோட்டு மஞ்சளை வைத்தே பேசலாம். 1995-ல் மஞ்சள் தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். மண்டை வெடிக்கிற செய்திதான். ஆனால் 1997-ல் அது எப்படி ரத்தானது? எங்கள் பாட்டிக்குத் தெரியும் என்று சொல்லி இல்லை. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எழுத்தில் இருந்த 32 ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. பழைய சமஸ்கிருத நூல்களும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் அதில் அடக்கம். மஞ்சள் தப்பித்தது யாரோ எழுதி வைத்ததால். "சொன்னால் பலிக்காது" என்று எல்லோரும் வாயை மூடியிருந்தால், புண்ணில் மஞ்சள் வைத்ததற்கு நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இருந்திருக்காது.

ஆனால் எதிர்ப்பக்கக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1987-ல் அகத்தியமலைக்குப் போன கேரள விஞ்ஞானிகள், கூட வந்த காணிப் பழங்குடிகள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். முதலில் காணிகள் சொல்ல மறுத்தார்கள், குலரகசியம் என்று. பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியில் இருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995-ல் அதைத் தயாரிக்கிற உரிமை கோயமுத்தூரில் உள்ள ஆரிய வைத்திய பார்மசிக்குப் போனது. 7 வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் கொடுப்பதாக ஒப்பந்தம். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஒரு டிரஸ்ட் பதிவானது. உலகமே இதை முன்மாதிரி என்று பாராட்டியது. ஆனால் ரகசியத்தைக் கொடுத்ததைக் காணிகளிலேயே மூத்த வைத்தியர்கள் சிலர் ஏற்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யார் சார்பில் யார் சொன்னது, யார் விலை பேசியது என்ற கேள்வி இன்றைக்கும் செல்லும்.

இதில் இருந்து கற்க வேண்டிய பாடம் வாயை மூடு என்பதா? இல்லை. சொல்வதற்கு முன்னால் சொல்கிறவர் பேரில் எழுதி வை, விலையை அவர்களே பேசட்டும் என்பதுதான். அரசாங்கம் 2001-ல் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கியது. சித்த மருத்துவக் குறிப்புகளும் அதில் உண்டு. திருட்டுக் காப்புரிமைகளைத் தடுக்க அது உதவியது உண்மை. ஆனால் பல வருஷம் அதைக் காப்புரிமை அலுவலகங்கள் மட்டும்தான் பார்க்க முடிந்தது. மற்றவர்களுக்கும் திறக்க மத்திய அமைச்சரவை 2022-ல் ஒப்புதல் கொடுத்தது. நம் பாட்டி வைத்தியத்தை நமக்கே காட்டாமல் பூட்டி வைத்த நூலகம்! பழக்க தோஷம் அரசாங்கத்தையும் விடவில்லை.

மறைப்பது கீழைநாட்டு வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மதுக்கரையில் 1930-களில் இருந்து சிமெண்ட் ஆலை நிற்கிறது. பக்கத்து மண்ணில் கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் காரணம். இந்தச் சிமெண்டுக்கும் ஒரு மந்திரவாதி உண்டு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் ஆஸ்ப்தின். அவர் மகன் வில்லியம் ஆஸ்ப்தின் ஆலை நடத்தியபோது, சூளையில் தன் கையாலேயே ஏதோ பொடியைத் தூவுவாராம். ரகசியமே அந்தப் பொடியில் இருக்கிறது என்று வேலைக்காரர்களை நம்பவைக்க! போட்டி ஆலைக்காரர் ஐசக் ஜான்சன் பிற்காலத்தில் எழுதி வைத்த தகவல் இது. அந்த ஜான்சன் கல்லையும் களிமண்ணையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். அதிகமாக வெந்து, வீண் என்று ஒதுக்கிய கட்டிகளைப் பொடித்தால்தான் நல்ல சிமெண்ட் வருகிறது என்று கண்டுபிடித்தார். பொடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்றைக்கு சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரியில் சுட்டு, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட் என்பது சிவில் படிக்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். தெரிந்ததால் சிமெண்ட் இறுகாமல் போய்விட்டதா? அதே சுண்ணாம்புக்கல்லைப் புடம் போட்டுச் சுண்ணம் செய்கிற சித்தர் முறைகள் மட்டும் ஏன் பரிபாஷைக்குள் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? ஒரே கல். ஒன்று பாடப்புத்தகத்துக்குப் போனது, உலகமே அதன் மேல் வீடு கட்டியது. இன்னொன்று ரகசியத்துக்குப் போனது, யாராவது அர்த்தம் சொல்வார்களா என்று காத்திருக்கிறது.

வெளியே வந்தால் செத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கொங்கு நாட்டிலேயே இன்னொரு சாட்சி உண்டு. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர், அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டை 1965-ல் டேப்பில் பதிவு செய்தார். 1992-ல் அது தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமாகவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு உடுக்கை அடித்துப் பாடினால் யாருக்கும் அருள் வராமல் போய்விட்டதா என்ன?

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் அமுச்சியோ அப்பாருவோ இருந்தால், ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா. தழையைக் கையில் வாங்கிப் போட்டோ எடுத்து, ஊர்ப்பேரை எழுதி, தாவரவியல் வாத்தியாரிடம் சரியான பேரைக் கேட்டு எழுத வேண்டும். எவ்வளவு, எப்போது, யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுத வேண்டும். சொன்னவர் பேரை அவர் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் போட வேண்டும். மந்திரமா, அதையும் அப்படியே எழுதலாம். பாம்பு கடித்தால் மட்டும் நோட்டைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எழுதிய பிறகு பலிக்காமல் போனால்? போகட்டும். தேதி போட்டு அதையும் அதே நோட்டில் எழுத வேண்டியதுதான்.